பொட்டிக்கு ஒரு விரல்

திங்கட்கிழமை மதியம் கேன்டீனில் நடந்த ஒத்திகையில் பத்துக் கேள்விகளில் ஒன்பதைப் பொட்டி எடுத்துக்கொண்டது. மிச்சமிருந்த ஒன்றையும் எங்களில் யாரும் எடுக்கவில்லை. அந்த நேரம் பார்த்துக் கரன்ட் போய்விட்டது.

கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவு ரகு சார் அதைச் செய்து கொண்டுவந்தபோது அதற்கு ஏதோ நீளமான ஆங்கிலப் பெயர் இருந்தது. கேள்விக்குத் தானே பதில் சொல்லும் ஒரு கறுப்புக் கம்ப்யூட்டர், மேலே ஒரு ஸ்பீக்கர், முன்னால் பெயர்ப்பலகை. எங்கள் லைன் பெண்கள் பெயர்ப்பலகையைப் படிக்கக்கூட முயற்சி செய்யவில்லை. "பொட்டி" என்று ஒருத்தி சொன்னாள், அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

ஒரகடத்தில் கார்களுக்கு வயர் கட்டுகள் செய்யும் கம்பெனி எங்களுடையது. ஒவ்வொரு மார்ச் மாதமும் பாதுகாப்பு வாரம் கொண்டாடுவார்கள். கோலம், வாசகம் எழுதுதல், தீயணைக்கும் பயிற்சி, கடைசியாக வெள்ளிக்கிழமை வினாடி வினா. அணிக்கு இரண்டு பேர். இந்த வருடம் பொட்டியையும் ஒரு அணியாகச் சேர்த்திருந்தார்கள். முதலிடம் வரும் இருவருக்கும் கம்பெனியின் பயிற்சி மையத்தில் இடம் கிடைக்கும். மூன்று வருடம் சம்பளத்தோடு படிப்பு, முடிவில் டிப்ளமோ. மற்றவர்கள் அங்கே சேரப் பிளஸ் டூ பாஸ் செய்திருக்க வேண்டும். வினாடி வினாவில் ஜெயித்தவர்களுக்கு மட்டும் அது தேவையில்லை.

நான் பதினொன்றாம் வகுப்போடு நின்றவள். பணக் கஷ்டம் எல்லாம் இல்லை. வாய் திறக்க முடியவில்லை, அவ்வளவுதான். இயற்பியல் சார் கேள்வி கேட்டு என்னை எழுப்புவார். பதில் எனக்குத் தெரியும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். நான் மூச்சைச் சேர்த்து முதல் எழுத்துக்கு வருவதற்குள் பின்பெஞ்சிலிருந்து ஒருவன் சொல்லிவிடுவான். அவனுக்கு "வெரி குட்". எனக்கு "நின்னுகிட்டே இரு". அரைப்பரீட்சை வரைக்கும் நின்றேன். அதற்குப் பிறகு போகவில்லை. "வாயத் தொறக்காத பொண்ணுக்கு மிஷின்தான் சரி" என்று சொல்லித்தான் என் அம்மா சவரியம்மாள் சேரப்பணஞ்சேரி பஸ் நிறுத்தத்தில் என்னைக் கம்பெனி பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். இரண்டு வருடம் ஆகிறது.

என் ஜோடி முத்துச்செல்வி சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. ஹாஸ்டலில் தங்கி வேலை செய்கிறாள். பத்தாவதோடு நின்றுவிட்டாள். பேச்சுக்கு மட்டும் அவளிடம் பஞ்சமே கிடையாது.

ஒத்திகை முடிந்ததும் அவள்தான் பாதுகாப்பு அதிகாரி ஜெபகுமார் சாரிடம் போய்க் கேட்டாள்.

"சார், பொட்டி ஃபர்ஸ்ட் வந்துட்டுன்னா அந்த ரெண்டு சீட்டும் யாருக்கு?"

ஜெபகுமார் சார் கையிலிருந்த சுற்றறிக்கையை மேலிருந்து கீழே படித்தார். பிறகு இன்னொரு முறை படித்தார். "முதலிடம் பெறும் அணிக்குன்னு போட்டிருக்கும்மா."

"பொட்டி காலேஜுக்குப் போவுமா சார்?"

"அத யாரும் யோசிக்கல போலருக்கு. பொட்டி வந்தா இந்த வருஷம் சீட் யாருக்கும் கிடையாது. அடுத்த வருஷம் பாப்பாங்க."

முத்துச்செல்வி திரும்பி வந்து என் எதிரே உட்கார்ந்தாள். "ஏட்டி, ஒம்பது கேள்வில உனக்கு எத்தன தெரியும்?"

ஏழு விரல் காட்டினேன்.

"எனக்கு நாலு. அப்பொறம் எப்டிட்டி ஒண்ணுகூட நம்மகிட்ட வரல?"

அதைத்தான் நானும் யோசித்துக்கொண்டிருந்தேன். தெரியாமல் தோற்றால் இரவு முழுக்கப் படிக்கலாம். தெரிந்தே தோற்றால் என்ன செய்வது?

போட்டிக்கான பொத்தான்களை எங்கள் லைனிலிருந்தே எடுத்திருந்தார்கள். நாங்கள் வயரின் முனையில் பித்தளை மூக்கு அடிக்கும் மிஷினில் வேலை செய்கிறோம். கை உள்ளே மாட்டிவிடக் கூடாது என்பதற்காக அதில் ஒரு முழ இடைவெளியில் இரண்டு பெரிய பொத்தான்கள் இருக்கும். வயரை வைத்ததும் பச்சை விளக்கு எரியும். எரிந்த பிறகு இரண்டு உள்ளங்கையாலும் இரண்டையும் ஒன்றாக அழுத்தினால்தான் மிஷின் அடிக்கும். விளக்குக்கு முன்னால் அழுத்திவிட்டால் மிஷின் நின்றுபோகும். சிவப்பு விளக்கு சுழலும், சூப்பர்வைசர் சாவியோடு வருவார், லைன் முழுவதும் திரும்பிப் பார்க்கும். போட்டியிலும் அதே விதிதான். ஜெபகுமார் சார் கேள்வியைப் படித்து முடிப்பார். எலக்ட்ரீஷியன் பாபு அண்ணன் சுவிட்சைத் தட்டிப் பச்சை விளக்கைப் போடுவார். அதற்குமேல் முதலில் யார் அழுத்துகிறார்களோ அவர்களுக்குப் பதில் சொல்லும் உரிமை. அழுத்தியவரேதான் சொல்ல வேண்டும். முன்னால் அழுத்தினால் அந்தக் கேள்விக்கு அந்த அணி வெளியே.

ஷிஃப்ட் முடிந்ததும் பாபு அண்ணன் பொத்தான்களைக் கழற்றிக்கொண்டிருந்த இடத்தில் போய் நின்றேன்.

"இன்னா கண்ணு, பொட்டிகிட்ட தோத்துட்டு துக்கம் சொல்ல வந்தியா?"

பொட்டியின் மேஜையைக் காட்டினேன். அங்கே பொத்தானே இல்லை.

"அதுக்கு எதுக்கு பட்டன்? அதுக்குக் கை கீதா இன்னா? விளக்குக்குப் போற வயர்லேர்ந்தே ஒண்ணு இழுத்து அதோட முதுகுல சொருவிக் கீறேன். விளக்கு எரியசொல்லோவே அதுக்குத் தெரிஞ்சிடும்."

"கேள்வி?" என்று மெல்லக் கேட்டேன்.

"ஜெபகுமார் சார் வாயத் தொறக்க சொல்லோ ரகு சார் முழுக் கேள்வியையும் அதுக்கு டைப்ல அனுப்பிடறாரு. சார் பாதி படிக்கறதுக்குள்ள பொட்டி பதிலை வச்சிகினு விளக்குக்காகக் காத்துக்கினு கீது."

"எவ்ளோ நேரம்ணா? அழுத்துறதுக்கு?"

பொத்தான் அழுத்தும் நேரமெல்லாம் பதிவாகும் லைன் கம்ப்யூட்டரை அவர் தட்டிப் பார்த்தார். "ஒரு செகண்ட நூறாப் போட்டா பொட்டிக்கு ஒரு பங்கு. உங்கள்ல ஃபாஸ்ட்டா அழுத்துனதே நீதான். இருபத்தஞ்சு."

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. யோசனைப் படிவம் என்று மஞ்சள் தாள் ஒன்று லைன் முனையில் தொங்கும். எந்தக் குறையானாலும் அதில் எழுதலாம். எழுதும் முறைதான் முக்கியம். குறையைச் சொல்லி, அது ஏன் என்று கேட்டு, வந்த பதிலுக்கும் ஏன் என்று கேட்டு, ஐந்து முறை கேட்க வேண்டும். ஐந்தாவது ஏனுக்கு வரும் பதிலுக்குத்தான் தீர்வு எழுத வேண்டும். போட்ட மூன்று நாளுக்குள் நிர்வாகம் எழுத்தில் பதில் தந்தாக வேண்டும். வெளிநாட்டிலிருந்து தணிக்கைக்கு வருகிறவர்கள் முதலில் புரட்டுவதே இந்தத் தாள்களைத்தான். அதனால் எதையும் தூக்கிப் போட மாட்டார்கள். பேச வராத எனக்கு இந்தத் தாள் பிடிக்கும். மிஷினைப் பற்றி இதுவரை பதினேழு எழுதியிருக்கிறேன்.

பதினெட்டாவதை அன்றே எழுதினேன். வினாடி வினாவில் பதில் தெரிந்தவர்கள் தோற்கிறார்கள். ஏன்? பொட்டி முதலில் அழுத்துகிறது. ஏன்? விளக்கு எரிவது அதற்கு முதலில் தெரிகிறது. ஏன்? நமக்குக் கண் வழியாக வந்து கை வழியாகப் போவது அதற்கு வயர் வழியாகப் போகிறது. ஏன்? அதற்குக் கையும் இல்லை, காதும் இல்லை. ஏன்? கை, காது இல்லாத ஒன்றை, கையும் காதும் உள்ளவர்களுக்கான போட்டியில் அப்படியே உட்கார வைத்துவிட்டோம். தீர்வு என்ற கட்டத்தில் மூன்று எழுதினேன். பொட்டியும் எங்களைப் போலப் பொத்தானை அழுத்தட்டும். கேள்வியைக் காதால் கேட்பதுபோல மைக் வழியாகக் கேட்கட்டும். பொட்டி முதலிடம் வந்தால், மனிதர்களில் முதலில் வந்தவர்களுக்கு இடம் தரட்டும்.

புதன்கிழமை ரகு சாரே தாளோடு லைனுக்கு வந்தார். கோபமாக இல்லை. சின்ன வயதுதான். தான் செய்த பொருளை யாரோ கவனித்துப் பார்த்திருக்கிறார்கள் என்ற சந்தோஷம்கூடக் கொஞ்சம் தெரிந்தது.

"பெனிஷா, நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா யோசிச்சுப் பாருங்க. அங்க கிரேன் ஒரு டன் தூக்குது. ஏமாத்துதுன்னு யாராச்சும் சொல்றாங்களா? வேகம் கம்ப்யூட்டரோட இயல்பு."

நான் வயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மிஷினிலிருந்து முத்துச்செல்வி சொன்னாள். "கிரேனோட நாங்க வெயிட்டு தூக்குத போட்டிக்கு நிக்கலையே சார்."

அவர் சிரித்துவிட்டார். "சரி, இதுக்குப் பதில் சொல்லுங்க. பெனிஷா ரெண்டு வருஷமா இதே பட்டன்ல இருக்காங்க. பேக்கிங் டீம் இந்தப் பட்டனத் தொட்டதே இல்ல. பெனிஷா கைய மெதுவாக்குங்கன்னு அவங்க ஒரு ஃபார்ம் போட்டா நான் ஒத்துக்கணுமா?"

முத்துச்செல்வி என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எல்லோரும் எல்லாவற்றிலும் சமமாக இருந்தால்தான் போட்டி என்றால், போட்டியே நடக்காது. அப்படியானால் என் கைக்கும் பொட்டியின் வயருக்கும் என்ன வித்தியாசம்? மூன்று வயர் அடித்து முடிக்கிற வரைக்கும் யோசித்தேன். அவர் போகாமல் நின்றார்.

"என் கைய அவங்களும் பழகிக்கலாம் சார்." மிஷினைப் பார்த்துத்தான் சொன்னேன். "பொட்டியோட வயர நாங்க எப்படிப் பழகுறது?"

ரகு சார் தாளை மடித்தார். "கமிட்டில சொல்றேன்" என்றார்.

வியாழன் காலை பதில் ஒட்டியிருந்தது. முதல் யோசனை ஏற்கப்பட்டது. இரண்டாவது, நேரமின்மையால் இயலாது. மூன்றாவது, சுற்றறிக்கை வெளியாகிவிட்டதால் இயலாது.

பாபு அண்ணன் பழைய மிஷினிலிருந்து கட்டைவிரல் நீளக் காற்று உருளைகள் இரண்டைக் கழற்றி, பொட்டியின் மேஜையில் இரண்டு பொத்தான்களுக்கு மேலே மாட்டினார். விளக்கு எரிந்தால் காற்று வந்து உருளைக்குள்ளிருந்து ஒரு கம்பி இறங்கிப் பொத்தானைக் குத்தும். "பொட்டிக்கு விரல் மொளச்சிடுச்சு" என்று லைன் முழுக்க ஒரே சிரிப்பு. ஒருத்தி அந்தக் கம்பிகளின் நுனியில் மருதாணிச் சிவப்பில் நெயில் பாலிஷ் தடவிவிட்டுப் போனாள்.

அளந்து பார்த்தபோது சிரிப்பு நின்றது.

"பன்னெண்டு" என்றார் பாபு அண்ணன். "ஒண்ணுலேர்ந்து பன்னெண்டாயிட்ச்சி. ஆனா நீ இருபத்தஞ்சு. இப்பவும் பாதிதான் கண்ணு. விளக்கப் பாத்துட்டு அழுத்துற எந்த மனுசனும் பதினெட்டுக்குக் கீழ வர்றது கஷ்டம்."

"அப்போ போச்சா?" என்றாள் முத்துச்செல்வி.

நான் மிஷினுக்குத் திரும்பினேன். வயர், விளக்கு, அழுத்து. வயர், விளக்கு, அழுத்து. ஒரு ஷிஃப்டுக்கு இரண்டாயிரத்துச் சொச்சம். காலை டீ வரைக்கும் பொட்டியையே நினைத்துக்கொண்டு அடித்தேன். அப்போதுதான் என் கைகளைக் கவனித்தேன். விளக்கு எரிந்த பிறகு அவை கிளம்பவில்லை. விளக்கு எரியும்போதே பொத்தானில் இருந்தன. நான் விளக்கைப் பார்ப்பதே இல்லை. வயரை வைத்த நொடியிலிருந்து விளக்கு எரிய எவ்வளவு நேரம் என்று தோளுக்குத் தெரிந்திருக்கிறது. சூப்பர்வைசர் பார்த்தால் திட்டுவார். விளக்கைப் பார்த்துத்தான் அழுத்த வேண்டும் என்று சுவரில் எழுதியே வைத்திருக்கிறார்கள். ஆனால் ஒரு வருடம் தாண்டிய எல்லாப் பெண்களும் இப்படித்தான் அடிக்கிறோம்.

பாபு அண்ணனிடம் ஓடினேன். "இந்த மாசம் என் மிஷின் எத்தன வாட்டி செவப்புக்குப் போச்சுண்ணா?"

"ரெண்டே வாட்டி. ஏன்?"

மதியம் சாப்பாட்டு மேஜையில் இரண்டு டம்ளர்களைக் கவிழ்த்து, ஒரு முழ இடைவெளியில் வைத்தேன். முத்துச்செல்வி திங்கட்கிழமை ஒத்திகையைத் தன் போனில் படம் எடுத்திருந்தாள். அதை ஓடவிடச் சொன்னேன். விஷயம் இதுதான். பொட்டிக்கு விளக்கு எரிந்தால்தான் தெரியும். விளக்கு எப்போது எரியப்போகிறது என்று அதற்குத் தெரியாது. ஏனென்றால் அது ஜெபகுமார் சாரைக் கேட்பதில்லை, பாபு அண்ணனைப் பார்ப்பதும் இல்லை. நான் இரண்டு வருடமாகக் காலை உறுதிமொழியில் ஜெபகுமார் சாரின் குரலைக் கேட்கிறேன். கடைசிச் சொல்லுக்கு முன்னால் ஒரு சின்ன மூச்சு. பிறகு "எது" என்றோ "யார்" என்றோ அழுத்திச் சொல்லி முடிப்பார். அவர் வாய் மூடியதும் பாபு அண்ணனின் வலது தோள் கொஞ்சம் ஏறும். தோள் இறங்கும்போது விளக்கு.

"மூச்சு, எது, தோளு, டப்பு" என்று முத்துச்செல்வி பாட்டாகவே பாடினாள். முதல் பத்து முறை டம்ளர் மேல் என் கை விளக்குக்கு முன்னாலேயே விழுந்தது. அடுத்த பத்தில் நாலு சரியாக விழுந்தது. பக்கத்து மேஜைக்காரர்கள் சாம்பார் வாளியோடு எழுந்து வேறு இடம் போனார்கள்.

"எல்லாஞ் சரிட்டி" என்றாள் கடைசியில். "அழுத்துனவதான் பதில் சொல்லணும். மேடைல நீ சொல்லிருவியா? இல்ல நான் அழுத்தட்டா?"

அவள் கை இருபதில் இரண்டு முறைதான் சரியாக விழுந்தது. அதனால் நான்தான் அழுத்த வேண்டும். சொல்லவும் வேண்டும். தலையை ஆட்டினேன்.

"தலைய ஆட்டாத. வாயால சொல்லு."

"சொல்லிருவேன்."

வெள்ளிக்கிழமை கேன்டீனில் மேஜைகளை ஓரம் தள்ளிவிட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். நாங்கள், பேக்கிங் அணி, கிடங்கு அணி, பொட்டி. பதினைந்து கேள்விகள். ஜெபகுமார் சார் மைக்கைத் தட்டினார். பாபு அண்ணன் எங்களுக்குப் பக்கவாட்டில், சுவிட்ச் பலகையோடு உட்கார்ந்தார். புதுச் சட்டை போட்டிருந்தார்.

முதல் கேள்வியில் கை முன்னால் விழுந்தது. சிவப்பு விளக்கு. மொத்தக் கேன்டீனும் "ஓ" என்றது. பொட்டி பதில் சொன்னது. இரண்டாவதிலும் சிவப்பு. பின்னாலிருந்து ஒருவன், "சூப்பர்வைசர், சாவி எடுத்துகினு வாங்க" என்று கத்தினான். மூன்றாவதில் பயந்துபோய் விளக்கு எரியும்வரை காத்திருந்தேன். பொட்டியின் சிவப்பு நகங்கள் எனக்கு முன்னால் இறங்கின. மூன்றுக்குப் பூஜ்யம்.

"ஏட்டி, சட்டையப் பாக்காத. புதுச்சட்ட தோள்ல வெறப்பா நிக்கி" என்று முத்துச்செல்வி காதில் சொன்னாள். "கண்ண மூடு. மிஷின்ல நீ எங்கிட்டுப் பாக்க?"

எங்கேயும் பார்ப்பதில்லை. கண்ணை மூடிக்கொண்டேன்.

"அறை வெப்பநிலையில் திரவமாக இருக்கும் உலோகம்" என்றார் ஜெபகுமார் சார். மூச்சு. "எது?"

அழுத்தினேன். என் மேஜை விளக்கு எரிந்தது, பச்சை. கண்ணைத் திறந்தால் முந்நூறு பேர். நாக்கு அதன் பழைய இடத்துக்குப் போய் ஒட்டிக்கொண்டது. ஐந்து விநாடிதான் நேரம். பின்பெஞ்சிலிருந்து யாரோ சொல்லப்போகிறான் என்று முதுகு கூசியது. ஆனால் யாரும் சொல்லவில்லை. விதிப்படி யாரும் சொல்ல முடியாது. நான் அழுத்தியிருக்கிறேன். இந்த ஐந்து விநாடியும் என்னுடையது. பள்ளிக்கூடத்தில் எனக்கு யாரும் இதைத் தந்ததில்லை.

நாலாவது விநாடியில், "பாதரசம்" என்றேன்.

அதற்குப் பிறகு கையும் வாயும் ஒரே தாளத்துக்கு வந்தன. எல்லாமே எனக்கு விழவில்லை. மூன்று பொட்டிக்குப் போயின. ஐந்து எங்களுக்கு வந்தன. நெருப்புப் பிடித்தால் எல்லோரும் கூட வேண்டிய இடம் எது என்ற கேள்விக்குப் பொட்டி கையேட்டில் இருந்ததைச் சொன்னது. அந்த இடத்தில் போன மாதம்தான் ஜெனரேட்டர் ஷெட் கட்டினார்கள். கேன்டீனே சிரித்தது. அந்தக் கேள்வி பேக்கிங் அணிக்குப் போனது. இன்னொன்று யாருக்கும் தெரியவில்லை. பதினாலு கேள்வி முடிந்தபோது பொட்டி ஆறு, நாங்கள் ஆறு.

ரகு சார் எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முத்துச்செல்வி என் தொடையைக் கிள்ளிப் பிடித்திருந்தாள். கடைசிக் கேள்வி. இதில் முன்னால் விழுந்தால் நான் வெளியே, பொட்டி உள்ளே, இரண்டு இடமும் யாருக்கும் இல்லை. விளக்குக்காகக் காத்திருந்தாலும் பொட்டிதான். பாதுகாப்பான வழி என்று ஒன்று கிடையாது என்பது புரிந்ததும் கண்ணை மூடிக்கொண்டேன்.

"மனித உடலின் மிகச் சிறிய எலும்பு அமைந்திருக்கும் உறுப்பு..."

அவர் மூச்சு வாங்கினார். வழக்கத்தைவிட நீளமான மூச்சு. கடைசிக் கேள்வி என்று அவருக்கும் பதற்றம். என் தோள் கிளம்பப் பார்த்தது. பிடித்துக்கொண்டேன். இவ்வளவு நேரம் அவர் குரலைக் கேட்டது இதற்குத்தான்.

"...எது?"

இரண்டு உள்ளங்கையும் விழுந்தன. பொட்டியின் விரல்கள் இறங்கும் சத்தமும் கேட்டது. இரண்டு சத்தத்துக்கும் நடுவில் இடைவெளியே இல்லாததுபோல இருந்தது. கண்ணைத் திறக்க மனம் வரவில்லை. முத்துச்செல்வி, "எரியுதுட்டி, நம்ம வெளக்கு எரியுது, சொல்லு, சொல்லித்தொல" என்றாள்.

எழுந்து நின்றேன். நிற்கத் தேவையில்லை, இருந்தாலும் நின்றேன்.

"காது. நடுக்காதுல. அங்கவடி எலும்பு."

சத்தம் அடங்கப் பல நிமிடம் ஆனது. முத்துச்செல்வி அழுதுகொண்டே பாபு அண்ணனின் புதுச் சட்டையில் மூக்கைத் துடைத்ததாக அவர் பிறகு புகார் சொன்னார். ஜெபகுமார் சார் எங்கள் இருவர் பெயரையும் மைக்கில் படித்தார். வழக்கம்போலக் கடைசிச் சொல்லுக்கு முன்னால் மூச்சு வாங்கினார்.

கூட்டம் கலைந்தபோது ரகு சார் லைன் கம்ப்யூட்டரில் எடுத்த தாளோடு வந்தார். கையை நீட்டி வாழ்த்துச் சொன்னார். பிறகு தாளைக் காட்டினார்.

"கடைசிக் கேள்வில உங்க கை எவ்ளோ தெரியுமா? ஒன்பது. பதினெட்டுக்குக் கீழ விளக்கப் பாத்து யாராலயும் வர முடியாது. நீங்க விளக்கையே பாக்கல." அவர் குரலில் குற்றச்சாட்டு பாதி, ஆச்சரியம் பாதி. "விளக்குக்கு முன்னாடியே முடிவு பண்ணிட்டீங்க. பொட்டியால அத செய்ய முடியாது. அதுக்குக் காது குடுக்கலையே நாங்க. இது நியாயமா சொல்லுங்க?"

முத்துச்செல்வி வாயைத் திறந்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன்.

"மைக் வைக்கலாம்னு எழுதியிருந்தேனே சார்" என்றேன். இந்த முறை மிஷினைப் பார்க்கவில்லை, அவரையே பார்த்தேன். "நேரமில்லன்னு பதில் வந்துச்சு. நீங்களும் ஒரு மஞ்சள் தாள் போடுங்க. அஞ்சு ஏன் எழுதணும். மூணு நாள்ல பதில் வந்துரும்."